டைசல்பிராம்

மதுவுக்கு அடிமையானோரின் சிகிச்சையில் இன்று வழங்கும் ஔஷதங்களுள் காலத்தால் முந்தியது டைசல்பிராம். 'அன்டபியூஸ்' என்பது அதன் வர்த்தகப் பெயர். 1881ஆம் ஆண்டிலேயே ரசாயன நிபுணர்களால் ஆக்கப்பெற்ற இவ்வஸ்து, வைத்தியத்தோடு யாதொரு சம்பந்தமுமின்றி, ரப்பரைக் கந்தகமிட்டு உறுதிப்படுத்தும் தொழிலில் அவ்வினையை விரைவுபடுத்தும் துணைப்பொருளாகவே நெடுங்காலம் கிடந்தது. அமெரிக்க ரப்பர் தொழிற்சாலையொன்றின் வைத்தியரான வில்லியம்ஸ் என்பார், இவ்வினப் பொருள்களைக் கையாளும் தொழிலாளர் மதுவைத் தொட்டமாத்திரத்தில் முகம் சிவந்து வருந்துவதைக் கண்டு, குடியை நிறுத்த இது உதவக்கூடும் என்று 1937இல் எழுதியும் வைத்தார். அக்குறிப்பை அன்று பெரிதாக எவரும் பொருட்படுத்தாமையால், கண்டுபிடிப்பின் பெருமை டென்மார்க்குக்கே உரியதாயிற்று.

கோபன்ஹேகன் நகரில் மெடிசினால்கோ என்னும் மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த எரிக் யாகொப்சென், யென்ஸ் ஹால்ட் ஆகிய இருவரும், குடற்புழுவை ஒழிக்கும் மருந்தொன்றைத் தேடி ஆராய்கையில், பிறருக்குக் கொடுக்குமுன் தாமே உண்டு பார்ப்பது என்னும் துணிவான கொள்கையினராதலின், இதனையும் விழுங்கினர். பின்னர் மது அருந்தியபோது காரணம் புலப்படாத உபாதைக்கு ஆளாகி, தம்முள் கலந்து பேசிய பிறகே மாத்திரைதான் மூலம் எனத் தெளிந்தனர். வைத்தியர் மார்ட்டென்சென்-லார்சென் அதனை நோயாளிகளுக்கு வழங்கிப் பரீட்சிக்க, 1948இல் 'லான்செட்' ஏட்டின் வாயிலாகச் செய்தி உலகெங்கும் பரவிற்று.

உடலினுட் புகுந்த மது அசிட்டால்டிஹைடாகவும், பின்பு ஒரு நொதியின் செயலால் தீங்கற்ற அசிட்டிக் அமிலமாகவும் மாறுவது இயல்பு. அந்நொதியை இம்மருந்து முடக்கிவிடுவதால், இடைப்பட்ட நச்சுப்பொருள் இரத்தத்தில் தேங்கி, மண்டையிடி, படபடப்பு, வாந்தி முதலிய உபத்திரவங்களை விளைவிக்கும். மருந்தை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை இந்நிலை நீடிக்கலாம். தொடக்கத்தில் மிகுந்த அளவில் கொடுக்கப்பட்டு மரணங்களும் நேர்ந்தமையால், நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் என்பது பிற்கால வழக்கமாயிற்று. கல்லீரலுக்கும் அரிதாகக் கேடு நேர்வதுண்டு.

குடிவேட்கையை இது தணிப்பதன்று, அச்சத்தால் தடுப்பதே. ஆதலின் மனைவியோ தாயோ கண்ணெதிரே நின்று கொடுக்க, விஷயமறிந்து இசைந்து உண்பவனுக்கே பலிக்கும். அவனறியாமல் குழம்பிலோ காப்பியிலோ கலந்து கொடுப்பது, துயரத்தில் பிறந்த உபாயமேயாயினும், வைத்திய தர்மத்திற்கு விரோதம், உயிருக்கும் அபாயம்.

வேட்கையையே குறைக்க முற்படும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்பன முறையே 1994, 2004ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்நோய்க்கென அனுமதி பெற்றன.