எஞ்சின் பிரித்துப் பூட்டுதல்: கோவை முதல் ஓசூர் வரை

தேய்ந்த எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, புதிய பிஸ்டனும் பேரிங்கும் பொருத்தி மீண்டும் இணைப்பதே எஞ்சின் பிரித்துப் பூட்டுதல். தமிழ்நாட்டில் மோட்டார் தொழிற்சாலைகள் வருவதற்கு முன்பே வேரூன்றிய பட்டறைத் தொழில் இது.

இதன் தொடக்கத்தைச் சொல்லும்போது கோவை ஜி. டி. நாயுடுவின் (1893–1974) பெயரே முதலில் வரும். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தவர், ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதை வாங்கினார். வாங்கியதை முழுவதும் பிரித்துப் பூட்டிப் பார்த்தே இயந்திரம் கற்றுக்கொண்டார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டார். நாயுடுவின் மேதைமையைப் புகழ்பவர்கள் அந்தப் பிரித்துப் பூட்டலில் இருந்த துணிச்சலை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒரு பாகம் உடைந்தால் சேமிப்பு முழுவதும் போயிருக்கும்.

அதே காலத்தில் மேல்நாட்டுத் தொழிற்சாலைகள் வேறு திசையில் சென்றன. 1908இல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸில் மூன்று காடிலாக் கார்களைப் பிரித்து, பாகங்களை ஒன்றாகக் கலந்து, மீண்டும் மூன்று கார்களாகப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். எந்தப் பாகமும் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்பதே அந்தச் சோதனையின் செய்தி. ஓடித் தேய்ந்த எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு சிலிண்டரும் தன் போக்கில் தேய்ந்திருக்கும். அதனால்தான் இறுதியாகப் பூட்டுவதற்கு முன் ஒருமுறை பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அம்பாசடர் காரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம் சுமார் 73 மி.மீ. கடைந்த பின் பிஸ்டன் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் இறக்கி, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையே ஃபீலர் கேஜ் விட்டு அளப்பார்கள். 0.3 மி.மீ. அளவுக்கு இடைவெளி வேண்டும். குறைந்தால் சூட்டில் ரிங் விரிந்து முனைகள் முட்டும், சிலிண்டர் கீறிப்போகும். அப்போது முனையை அரத்தால் ராவ வேண்டும். கூடுதலாக இருந்தால் ராவ வழியில்லை, வேறு ரிங்தான்.

அடுத்து கிராங்க். மூன்று மெயின் பேரிங்குகளிலும் கிராங்கைக் கிடத்தி, மூடிகளை ஒவ்வொன்றாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். எந்த மூடியை முறுக்கியதும் இறுகுகிறதோ அங்கேதான் பிழை. மூடிகள் பிளாக்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை; இடம் மாற்றக் கூடாது. பிரிக்கும்போதே புள்ளி குத்தி அடையாளம் இடாதவர் இந்தக் கட்டத்தில் மாட்டிக்கொள்வார். எல்லாம் சரியாக வந்த பிறகும் மறுபடி பிரித்து, துடைத்து, எண்ணெய் தடவித்தான் கடைசியாகப் பூட்ட வேண்டும். பொறுமை இழந்து இந்தச் சுற்றைத் தவிர்ப்பவர்கள் பலர்.

ஓசூரில் 1980இல் அசோக் லேலண்ட் உற்பத்தி தொடங்கியது. டிவிஎஸ் 50 மொபெட்டும் அதே ஆண்டு வெளிவந்தது. தொழிற்சாலையில் பாகங்கள் அளவு பார்த்தே வரிசைக்கு வருவதால், அங்கே பூட்டுபவர் ராவிப் பொருத்த வேண்டியதில்லை. அந்த வேலை வெளியே பட்டறைக்காரர்களிடமும் வீட்டு முற்றத்தில் பழைய காரைச் சீர்செய்பவர்களிடமும் நின்றுவிட்டது.

எல்லை ஊர் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டியின் பதிவுச் சான்றில் எஞ்சின் எண் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி, கர்நாடகப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவு எண் பெற வேண்டும். பிளாக்கை மாற்றினால் எண்ணும் மாறும். அதைப் பதிவு அலுவலகத்தில் சொல்லித் திருத்த வேண்டும். கடைய இனி இடமில்லாத பிளாக்கைக்கூட ஸ்லீவ் போட்டுக் காப்பாற்றப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.