நீலக்கோட்டுக்கு அப்பால்: ஆறு, ஏரி, கடல்களை வரைந்து கற்பித்தல்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இந்திய வரைபடத்தில் இடம் குறிக்கும் வினா தவறாமல் இடம்பெறுகிறது. ஆறுகளையும் ஏரிகளையும் வளைகுடாக்களையும் உரிய இடத்தில் குறித்துவிட்டால் முழு மதிப்பெண். இதற்காக மாணவர்கள் அச்சிட்ட வெற்று வரைபடங்களைக் கட்டுக்கட்டாக வாங்கி, நீலப் பென்சிலால் திரும்பத் திரும்ப வரைந்து கைப்பழக்கம் ஆக்கிக்கொள்கிறார்கள். இந்த உழைப்பு வீண் அல்ல. ஓர் ஆறு எங்கே ஓடுகிறது என்றே தெரியாதவரிடம் அந்த ஆற்றைப் பற்றி மேற்கொண்டு பேச முடியாது. ஆனால் நினைவில் உள்ளதைத் தாளில் இறக்கிவைப்பதோடு இப்பயிற்சி நின்றுவிடுகிறது. நீர் ஏன் அந்த வழியாகப் போகிறது என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. தெரியாத ஒன்றை மாணவர் தாமே கண்டறியும் கருவியாக வரைபடம் வகுப்பறைக்குள் வர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆற்றை வரைவதற்கு முன் அதன் வடிநில எல்லையை வரையச் சொல்ல வேண்டும். அந்த எல்லை சாதாரண நிலப்படத்தில் அச்சாகியிருப்பதில்லை. மாணவரே தேடி எடுக்க வேண்டும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத்திட்ட வரைபடத்தில் மலைப்பகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓடை இறங்கும் பள்ளத்தில் சம உயரக் கோடுகள் மேட்டை நோக்கிக் கூராக வளைந்திருக்கும். இரண்டு பள்ளங்களுக்கு இடையே நீளும் மலைத்தோளில் அதே கோடுகள் தாழ்வை நோக்கி வளையும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் போதும். உச்சியில் தொடங்கி, தோளின் நடுவாக, ஒவ்வொரு சம உயரக் கோட்டையும் செங்குத்தாக வெட்டிக்கொண்டு பென்சில் நகர வேண்டும். அதுதான் நீர்ப்பிரிமேடு. ஆறு வெளியேறும் இடத்தைத் தவிர வேறெங்கும் அந்தக் கோடு ஓர் ஓடையையும் வெட்டக் கூடாது. வெட்டினால் எங்கோ பிசகியிருக்கிறது என்று பொருள். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துக் காட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிழையை வரைபடமே காட்டிக்கொடுத்துவிடும். கற்பித்தல் நோக்கில் இதைவிடப் பெரிய பயன் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வைகையில் இதைச் செய்து பார்ப்பது மிகுந்த பலன் தரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டை ஒட்டி எல்லை வரைந்துகொண்டே வரும் மாணவர், குமுளிக்கு அருகே மறுபுறச் சரிவில் பெரியாறு நீர்த்தேக்கத்தைக் காண்பார். இதுவரை அவர் கற்ற விதிப்படி அந்த நீர் மேற்கே இறங்கி அரபிக் கடலைத்தான் சேர வேண்டும். ஆனால் 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையும், மலையைக் குடைந்து அமைத்த சுரங்கமும் அதில் ஒரு பகுதியைக் கிழக்கே கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்பி வைகையில் கொண்டுவந்து சேர்க்கின்றன. இயற்கை வகுத்த எல்லையை மனிதர் கடந்த அந்த இடத்தில் மாணவர் தம் கோட்டின் குறுக்கே ஒரு புள்ளிக்கோடு போட்டாக வேண்டும். இரு மாநிலங்களுக்கு இடையே ஏன் இத்தனை ஆண்டு வழக்கு என்பதும் அந்தப் புள்ளிக்கோட்டிலிருந்தே புரியத் தொடங்கும். ஆற்றின் மறுமுனையிலும் பாடம் இருக்கிறது. நிலப்படத்தில் வைகை நேராகப் பாக் நீரிணையில் விழுவதுபோல் காட்டப்பட்டிருக்கும். உண்மையில் அது இராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிய பிறகு மிஞ்சும் உபரிதான் கடலுக்குப் போகிறது. நீலக்கோடு இந்த இரண்டையும் மறைத்துவிடுகிறது.

இப்படிப் பழகிய கண் உலகின் பேராறுகளையும் வேறுவிதமாகப் பார்க்கும். நைல் ஏறத்தாழ 6,650 கி.மீ. நீளம், அதன் வடிநிலம் 30 லட்சம் சதுர கி.மீ.க்கும் அதிகம். அமேசான் வடிநிலம் அதைப் போல் இரு மடங்குக்கு மேல். ஆனால் நைலில் ஓடும் நீர் அமேசானில் ஓடும் நீரில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. நீளத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது புதிர். வடிநில எல்லையின் மேல் மழையளவு வரைபடத்தை வைத்துப் பார்ப்பவருக்கு விடை கண்முன்னே கிடக்கும்: நைல் வடிநிலத்தின் வடபாதி மழையே அறியாத பாலை.

ஏரிகளில் பரப்பளவு நம்மை ஏமாற்றுகிறது. வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி சுமார் 82,000 சதுர கி.மீ.; சைபீரியாவின் பைக்கால் சுமார் 31,500 மட்டுமே. ஆயினும் 1,642 மீட்டர் ஆழமுள்ள பைக்காலில் இருக்கும் நீர், சுப்பீரியர் உட்பட வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்திலும் உள்ள மொத்த நீரைவிட அதிகம். ஆழத்தை வரையாத ஏரிப் படம் பாதிப் படம்தான்.

ஆரல் கடல் இதைத் துயரமாக மெய்ப்பிக்கிறது. 1960இல் அது சுமார் 68,000 சதுர கி.மீ. பரப்புள்ள உள்நாட்டு ஏரி. சராசரி ஆழமோ 16 மீட்டர் அளவுதான். அமு தாரியா, சிர் தாரியா என்னும் இரண்டு ஆறுகளே அதற்கு நீர் தந்தன. ஆவியாவதைத் தவிர நீர் வெளியேற வழி இல்லை. சோவியத் அரசு பருத்தி வயல்களுக்காக அந்த ஆறுகளைத் திருப்பியபோது நீர்மட்டம் சரிந்தது. 1960ஆம் ஆண்டின் ஆழ வரைபடத்தை மாணவரிடம் கொடுத்து, “மட்டம் 10 மீட்டர் இறங்கினால் கரை எங்கே இருக்கும்? 20 மீட்டர் இறங்கினால்?” என்று கேட்டு வரையச் செய்யலாம். வடக்கே ஒரு சிறு பகுதி தனியே பிரிவதும், கிழக்கின் ஆழமற்ற பரப்பு மறைவதும், மேற்கே ஆழமான ஒடுங்கிய பகுதி எஞ்சுவதும் அவர் கையாலேயே உருவாகும். பிறகு செயற்கைக்கோள் படத்தைக் காட்டினால், தாம் வரைந்ததே நடந்திருப்பதைக் காண்பார். மீன்பிடித் துறைமுகமாக இருந்த மொய்னாக்கில் கப்பல்கள் மணலில் ஏன் நிற்கின்றன என்று பிறகு விளக்க வேண்டியிருக்காது.

கடலுக்கு வந்தால், வரைந்தே உண்மை கண்டவர் மேரி தார்ப். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற அனுமதிக்கப்படாத அவர், பிறர் அளந்து கொண்டுவந்த ஆழ எண்களை 1950களின் தொடக்கத்தில் மேசையில் அமர்ந்து குறுக்குவெட்டுகளாக வரைந்தார். வட அட்லாண்டிக்கின் நடு மலைத்தொடரில், ஒவ்வொரு வெட்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரு பிளவுப் பள்ளம் தென்பட்டது. உடன் பணியாற்றிய புரூஸ் ஹீசன் முதலில் அதை ஏற்கவில்லை. நிலநடுக்க மையங்கள் குறித்த வரைபடத்தோடு ஒப்பிட்டபோது அவை அந்தப் பள்ளத்தின் மேலேயே அமைந்திருந்தன. கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்துக்கு அது வலுவான சான்றாயிற்று. நம் மாணவரிடமும் ஒரு வரைதாளும் ஓர் ஆழ அட்டவணையும் கொடுத்து இதே வேலையைச் செய்யச் சொல்லலாம்.

நேரம் போதாது, பாடத்திட்டம் முடியாது என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பொதுத்தேர்வு எதைக் கேட்கிறதோ அதற்குத்தான் வகுப்பறையில் நேரம் ஒதுக்கப்படுகிறது. அதனால் மாற்றம் வினாத்தாளிலிருந்தே தொடங்க வேண்டும். இடம் குறிக்கும் வினாவின் மதிப்பெண்களில் ஒரு சிறு பகுதியையேனும் இதற்கு ஒதுக்குமாறு தேர்வுத்துறையையும் வினாத்தாள் அமைப்போரையும் வேண்டுகிறேன்: சம உயரக் கோடுகள் உள்ள ஒரு வரைபடத் துண்டைக் கொடுங்கள், அதில் ஒரு புள்ளி வையுங்கள், அங்கே பெய்யும் மழை எந்த ஆற்றைச் சேரும் என்று கேளுங்கள்.