கரோனரி இதயநோய்

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு படிந்து, குழாய் குறுகுவதாலோ அடைபடுவதாலோ உண்டாகும் நோய். நடக்கும்போது வரும் நெஞ்சுவலி, மாரடைப்பு, திடீர் மரணம் மூன்றும் இதன் வெளிப்பாடுகள். இளமையிலேயே தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஓசையின்றி வளரும்; முற்றும்போது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும்.

நோய் வளரும் விதம்

உயர் இரத்த அழுத்தம், புகையிலை, சர்க்கரை நோய் ஆகியவற்றால் தமனியின் உட்படலம் பழுதுபடும்போது எல்டிஎல் கொழுப்புத் துகள்கள் சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் அங்கேயே மடிகின்றன. இவ்வாறு திரளும் கொழுப்பின்மேல் நார்த்திசு மூடிபோல் படர்கிறது. அந்த மூடி கிழிந்தால் இரத்தம் அந்த இடத்தில் உறைந்து குழாயை அடைக்கிறது. இரத்தம் கிடைக்காத தசை மடியத் தொடங்குகிறது. பாதியளவே குறுகிய குழாயிலும் இது நேரலாம். நேற்றுவரை வலியே அறியாதவருக்கு இன்று மாரடைப்பு வருவது இதனால்தான்.

காரணங்களைக் கண்டறிந்த வரலாறு

நெஞ்சுவலியை ஒரு தனி நோயாக 1768இல் லண்டனில் விவரித்தவர் வில்லியம் ஹெபர்டன். கரோனரி தமனி அடைபட்டவரும் உயிர்பிழைக்கலாம் என்று 1912இல் ஜேம்ஸ் ஹெரிக் காட்டினார். மறு ஆண்டே ரஷ்யாவில் நிகொலாய் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டித் தமனிப் படிவை உண்டாக்கினார். 1948இல் தொடங்கிய ஃபிரேமிங்ஹாம் ஆய்வு இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், புகைபிடித்தல் ஆகியவற்றின் பங்கை உறுதிசெய்தது. லண்டன் பேருந்துகளில் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இந்நோய் குறைவு என்று 1953இல் ஜெர்ரி மோரிஸ் வெளியிட்டார்.

இந்தியாவிலும் தமிழகத்திலும்

ரயில்வே ஊழியர்களை ஆராய்ந்த எஸ். எல். மல்ஹோத்ரா, வடக்கைவிடத் தெற்கில் இந்நோயால் இறப்போர் ஏறக்குறைய ஏழு மடங்கு என்று 1967இல் எழுதினார். 2001இல் வெளியான சென்னை நகர்ப்புற ஆய்வு, வயது வந்தோரில் சுமார் 11 சதவீதத்தினரிடம் இந்நோயைக் கண்டது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு (2004), பெரும்பாலான மாரடைப்புகளுக்கு ஒன்பது காரணிகளே போதுமான விளக்கம் என்றது: கொழுப்புக் கோளாறு, புகையிலை, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கனிக் குறைவு, உடலுழைப்பின்மை, மது. பின்னர் அதே தரவுகளை அலசியபோது, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்பே வருவது தெரிந்தது.

இந்தியாவின் முதல் கரோனரி பைபாஸ் அறுவையை 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் செய்தார். சிறிய மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து 2012–2014இல் தமிழகத்தில் நடந்த ஆய்வு, அத்தகைய ஒருங்கிணைப்பால் ஓராண்டுக்குள் நேரும் இறப்பு குறைவதைக் காட்டியது. 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகள் ஒரே வேளையில் தரப்படுகின்றன.

மலைப்பகுதியில்

நீலகிரியின் கிளென்மார்கன் போன்ற எஸ்டேட் ஊர்களுக்கு இத்திட்டத்தின் பயன் பெரிது. சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் உழைப்பு இதயத்துக்கு நல்லது. ஆனால் மெல்லும் புகையிலை, கவனிக்கப்படாத இரத்த அழுத்தம், மது ஆகியவற்றின் கேட்டை அது ஈடுகட்டாது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தமும் ஏறுகிறது. சிகிச்சைக்கு வளைந்து வளைந்து ஊட்டிக்குச் செல்ல வேண்டும். ஆஞ்சியோபிளாஸ்டிக்குக் கோவைவரை இறங்க நேர்ந்தால் மணிக்கணக்காகும். அடைப்பு நீங்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் தசை இழப்பு.

நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சிரைப்பு ஆகியவற்றை ‘கேஸ்’ என்று சொல்லி இஞ்சிச்சாறோ சோடாவோ குடித்துக் காத்திருப்பது உயிருக்கே உலை வைக்கும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் வரலாம். உடனே 108ஐ அழைத்து ஈசிஜி எடுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. முப்பது வயதிலிருந்தே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதித்துக் கட்டுக்குள் வைப்பவருக்கு அந்த அழைப்பே தேவைப்படாமல் போகும் வாய்ப்பு அதிகம்.