ஆட்சி, ஆவணம், காட்சி: விழுப்புரம் வட்டாரத்தில் மாதிரி வழக்காடலின் வரலாறு

முன்னுரை

சட்டக் கல்லூரிகளில் நடக்கும் மாதிரி நீதிமன்றத்தின் வடிவம் மேலைநாட்டிலிருந்து வந்தது. ஆனால், பூசலை அவைமுன் வைத்துச் சான்றால் தீர்க்கும் மரபுக்கு விழுப்புரம் மண்ணிலேயே பழைய இலக்கியப் பதிவு உண்டு. அங்கிருந்து இன்றைய வகுப்பறை வரையிலான வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருவெண்ணெய்நல்லூர் அவை

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், மணக்கோலத்தில் இருந்த சைவ அடியார் நம்பியாரூரரை ஒரு முதியவர் ‘என் அடிமை’ என்று உரிமை கோருகிறார். முதியவர் கையிலிருந்த அடிமை ஓலையை ஆரூரர் பறித்துக் கிழிக்கிறார். அது படியோலை (நகல்); வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு வருகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றால் நிறுவுமாறு அவையோர் கேட்கின்றனர். ஆட்சி என்பது நெடுநாள் வழக்கம். காட்சி என்பது கண்டவர் சாட்சி. முதியவர் காட்டிய மூலவோலையை எழுதியவர் ஆரூரரின் பாட்டனார் என்பதால், அவர் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்துக் கையெழுத்தை ஒப்பிடுகின்றனர். மூலத்துக்கும் நகலுக்கும் உள்ள வேறுபாடும் கையெழுத்து ஒப்பீடும் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திலும் இடம்பெற்றவை.

சட்டக் கல்லூரி மண்டபம், 1943

அந்த வழக்கைப் பதிவு செய்த நூலே பின்னர் வழக்குக்கு உள்ளானது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டுமா என்ற பொருளில் 1943 பிப்ரவரி 9 அன்று சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் சி.என்.அண்ணாதுரையும் ரா.பி.சேதுப்பிள்ளையும் சொற்போர் நிகழ்த்தினர். அடுத்த மாதம் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் அண்ணாவை எதிர்கொண்டார். அண்ணாவின் ‘நீதிதேவன் மயக்கம்’ நாடகத்தில் இராவணன் மறுவிசாரணையில் கம்பனையே குறுக்கு விசாரணை செய்கிறான். ஊர் கொதிக்கும் பொருளையும் எதிர்த்தரப்பின் முகம் பார்த்துப் பேசலாம் என்பதற்கு இவை முன்னுதாரணம்.

வகுப்பறைக்கு வந்த வழக்கு

மேடையில் பழகிய எதிர்வாதம் பாடமாக, இவ்வட்டாரத்தில் சட்டக் கல்லூரி வேண்டியிருந்தது. புதிய தனியார் சட்டக் கல்லூரிகளைத் தடைசெய்து தமிழக அரசு 2014-இல் சட்டம் இயற்றியது. திண்டிவனம் அருகே கல்லூரி தொடங்க முனைந்த வன்னியர் கல்வி அறக்கட்டளை வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி தொடங்கியது. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின் பாடத்திட்டத்தில் மாதிரி நீதிமன்றத்துக்கு 30 மதிப்பெண்: மூன்று வழக்குகள், ஒவ்வொன்றிலும் எழுத்து வாதத்துக்கு 5, வாய்மொழி வாதத்துக்கு 5. மேடைச் சொல்வன்மைக்கு நிகராக எழுத்து வாதத்துக்கும் இங்கே இடம் கிடைத்தது.

சான்றும் நீதியும்

2023-இல் சாதி அடிப்படையிலான வழிபாட்டு உரிமைப் பூசலால் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. இத்தகைய பொருளை மாணவர் வழக்காக்கினால் பழைய மூன்று சான்றுகளும் உயிர்பெறும். கோயில் யாருடையது என்பதற்கு ஆவணம். யார் வழிபட்டு வந்தனர் என்பதற்கு ஆட்சி. நடந்தது என்ன என்பதற்குக் காட்சி. ஆனால் தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் 17ஆம் பிரிவுக்கு முன், நெடுநாள் வழக்கம் என்ற ஆட்சி நிற்காது. ஆரூரரின் ஓலையும் அப்படியே. கையெழுத்து மெய்யாக இருந்தாலும், பாட்டன் எழுதிக் கொடுத்த அடிமை முறி இன்று 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின்முன் செல்லாது.

முடிவுரை

திருவெண்ணெய்நல்லூர் அவை சான்றைக் கேட்கக் கற்றுத்தந்தது. 1943 எதிர்வாதத்தைக் கேட்கக் கற்றுத்தந்தது. மெய்ப்பிக்கப்பட்டது அனைத்தும் நீதியாகிவிடாது என்பதை அரசமைப்பு கற்றுத்தருகிறது. இம்மூன்றையும் ஒரே மேசையில் பயிலும் இடம் மாதிரி நீதிமன்றம். அது சட்ட மாணவருக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிகளும் தத்தம் ஊர்ப் பூசல்களைத் தமிழிலேயே, சாட்சிக் கூண்டும் குறுக்கு விசாரணையுமாக, வழக்காக நடத்த முன்வர வேண்டும்.