ஓமோன் குழப்பிகளும் யாழ்ப்பாணத் தீவகமும்

ஓமோன் குழப்பிகள் என்பவை உடலின் சொந்த ஓமோன்கள் செய்யும் வேலையில் வெளியிலிருந்து வந்து தலையிடும் இரசாயனங்கள். இவற்றுள் அதிகம் ஆராயப்பட்டவை ஈஸ்திரஜன் என்ற ஓமோனோடு மோதுபவை. ஈஸ்திரஜன் இரத்தத்தில் மிகச் சிறிய அளவிலேயே ஓடுகிறது. கலத்துக்குள் உள்ள ஏற்பியில் அது போய்ப் பொருந்தியதும், எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும் என்பது தீர்மானமாகிறது. அதே இடத்தில் வேறொரு மூலக்கூறு உட்கார்ந்துவிட்டால், கலம் பொய்க் கட்டளையை மெய்யென்று எடுத்துக்கொள்ளும். அல்லது இடம் அடைபட்டு மெய்க் கட்டளை போய்ச் சேராது. ஏற்பியைத் தொடாமலே, ஈஸ்திரஜனை ஆக்கும் நொதியையோ சிதைக்கும் நொதியையோ மாற்றிவிடும் இரசாயனங்களும் உண்டு. இதெல்லாம் தொழிற்சாலை நாடுகளின் கவலை, கடல் சூழ்ந்த நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்த இரசாயனங்களின் வரலாற்றைப் பார்த்தால் அப்படிக் கேட்டுவிட்டு ஒதுங்க முடியாது.

இலண்டனில் ஆய்வாளர் சார்ள்ஸ் டொட்ஸ் 1936இல் பிஸ்பினோல்-ஏ ஈஸ்திரஜனைப் போல இயங்குவதைக் காட்டினார். 1938இல் அவரும் கூட்டாளிகளும் அதைவிடப் பன்மடங்கு வலிய டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரோலை ஆக்கினர். முன்னது மருந்தாகாமல் பின்னாளில் பிளாஸ்ரிக்குக்குள் போனது. பின்னது, கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில், அமெரிக்காவில் இலட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அந்தத் தாய்மாரின் மகள்மாரிடம் அரிய வகை யோனிப் புற்றுநோய் தோன்றுவதை 1971இல் பொஸ்ரன் மருத்துவர்கள் கண்டறிந்தனர். மாத்திரையை விழுங்கியவள் தாய். நோய் வந்ததோ அப்போது வயிற்றிலிருந்த பிள்ளைக்கு, அதுவும் அவள் குமரியான பிறகு. எவ்வளவு உட்சென்றது என்று மட்டும் கேட்டால் இந்தத் துயரம் விளங்காது. எந்த வயதில் உட்சென்றது என்று கேட்க வேண்டும்.

இலங்கையில் இந்தக் கேள்வி டிடிடி என்ற பூச்சிகொல்லியோடு வருகிறது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்த நாடு இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உலர் வலய வீடுகளின் உட்சுவர்களில் டிடிடி தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. இடையில் தெளிப்பு நின்றதும் நோய் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. ஆகவே டிடிடி உயிர் காத்தது என்ற வாதத்தை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் உயிர் காத்த மருந்துக்கும் விலை உண்டு. அதை யார் கொடுத்தார் என்று பார்ப்பது நன்றி மறத்தல் ஆகாது. டிடிடியில் ஒரு பங்கு ஈஸ்திரஜனைப் போல இயங்குவது 1968இல் தெரியவந்தது. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 1959க்கும் 1967க்கும் இடையில் தாய்மாரிடம் எடுத்து உறையவைத்த இரத்தத்தைப் பார்பரா கோன் குழுவினர் ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டனர். 1945இல் டிடிடி புழக்கத்துக்கு வந்தபோது 14 வயதுக்குக் கீழ் இருந்து, இரத்தத்தில் அது மிகுந்திருந்த பெண்களுக்கு, 50 வயதுக்குமுன் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஐந்து மடங்காக இருந்தது. அப்போதே அந்த வயதைக் கடந்திருந்தவர்களிடம் இத்தொடர்பு தென்படவில்லை. இலங்கையில் டிடிடித் தெளிப்பு 1970களின் நடுவில் முற்றாகக் கைவிடப்பட்டது, நுளம்பு அதற்குப் பழகிவிட்டதால். ஆனால் தெளித்த காலத்தில் சிறுமிகளாக இருந்தவர்களுக்கு அது அன்றோடு முடிந்த கதையாகுமா?

இந்த இரசாயனங்கள் இயற்கை ஈஸ்திரஜனைவிட ஆயிரம் மடங்கு வலிமை குறைந்தவை, அவற்றால் என்ன செய்துவிட முடியும் என்பது பழைய ஆட்சேபம். வலிமைக் கணக்கு பெரும்பாலும் சரிதான். ஆனால் உடலின் சொந்த ஈஸ்திரஜனை இரத்தப் புரதங்கள் பெருமளவு கட்டிப்பிடித்து வைத்திருக்கின்றன. வந்தேறிகளுள் பல அந்தப் பிடிக்கு அவ்வளவாக அகப்படுவதில்லை. ஒவ்வொன்றாகப் பலனில்லாத அளவுகள் ஒன்றுசேர்ந்தால் பலன் தருவதும் ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டிருக்கிறது. தாவரங்களிலும் ஈஸ்திரஜன் போன்றவை உண்டே, மனிதர் காலங்காலமாக உண்ணவில்லையா என்பது அடுத்தது. 1940களில் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர்ப் புல்லை மேய்ந்த செம்மறிகள் மலடாயின. இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

கடல் காவலாக நிற்கும் என்பதும் இப்போது நிற்காத வாதம். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் இருந்தன. 2025 மேயில் எம்எஸ்சி எல்சா-3 கேரளத்துக்கு அப்பால் மூழ்கியபோது அத்தகைய மணிகள் தமிழ்நாட்டுக் கரையிலும் ஒதுங்கின. ஒரு மணி பருப்பளவுதான். ஆனால் டிடிடியின் எச்சமும் பழைய மின்மாற்றி எண்ணெய்களில் இருந்த பிசிபியும் நீரில் கரைய விரும்பாதவை; மிதக்கும் மணியில் அவை ஒட்டிச் சேர்ந்து, சுற்றியுள்ள நீரைவிட இலட்சக்கணக்கான மடங்கு செறிவடைவதை ஜப்பானிய ஆய்வாளர் 2001இல் அளந்து காட்டினர். எங்கோ தெளித்த பழைய நஞ்சு இப்படியும் மீன்முட்டையுள்ள நீருக்கு வந்து சேரலாம். நெடுந்தீவில் வேலிகூடப் பவளக்கல்லால் அடுக்கியது. அந்தக் கல்லின் துகளும் சிப்பியும் கலந்த மணலில் வெள்ளை மணி விழுந்தால், கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவதைத் தவிர வழியில்லை.

ஓக்லண்டில் விடை கிடைத்தது, அன்று யாரோ இரத்தத்தை எடுத்து வைத்ததால். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் தாய்மார் சிகிச்சைக்கு வரும்போது, சம்மதம் பெற்று, ஒரு சிறு குழாய் இரத்தத்தைப் பெயரின்றி இலக்கமிட்டு உறையவைக்க இன்றே தொடங்க வேண்டும். அதைக் கொண்டு கேட்க வேண்டிய கேள்வியை, இப்போது அந்த வயிறுகளில் இருக்கும் பிள்ளைகள் வளர்ந்து கேட்பார்கள்.