இடது பக்கத்தில் காணாமல் போன மொழிகள்

எங்கள் வீடு பாறசாலையில். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், நெய்யாற்றின்கரைக்கு அந்தப் பக்கம். அம்மா தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், மலையாள எழுத்து தெரியாது. அப்பா மலையாளத்தில் படித்தவர், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். பேச்சில் ஒரு சிக்கலும் இல்லை. பேப்பர் மட்டும் இரண்டு வாங்கணும்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பட்டியலில் நெய்யாற்றின்கரையும் இருந்தது, ஆனால் அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. (பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. எங்கள் ஊர்க் கணக்கெல்லாம் இப்படித்தான்.) 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச்சூட்டைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால், அம்மா வழியில் ஒரு கதை, அப்பா வழியில் வேறு கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு பழக்கம். விக்கிப்பீடியாவில் நம்ம ஊர்ச் சரித்திரம் எதையாவது ஆங்கிலத்தில் திறப்பேன். இடது பக்கம் கீழே மொழிகள் வரிசையாக நிற்கும். முதலில் தமிழ், அப்புறம் மலையாளம். ஒரே ராஜா, ஒரே போர், இரண்டு பக்கத்திலும் வேறு வேறு ஆள் மாதிரி இருப்பார். அதை வைத்தே ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவோடு ஒரு மணி நேரம் சண்டை போடலாம்!

2010 மே மாதம் ஒருநாள் பார்த்தால் அந்த வரிசையைக் காணோம்.

நடந்தது இதுதான். விக்கிப்பீடியா ஓடுவது மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளில். 2004-லிருந்து அதன் தோற்றம் மோனோபுக். ஸ்டான்டன் அறக்கட்டளை கொடுத்த 8,90,000 டாலரில் பயன்பாட்டை எளிதாக்கும் திட்டம் ஒன்று தொடங்கி, வெக்டர் என்ற புதுத்தோற்றம் தயாரானது. மே 13 அன்று ஆங்கில விக்கிப்பீடியா அதற்கு மாறியது. தேடல் பெட்டி மேலே வந்தது, தொகுக்கும் கருவிகள் ஒழுங்காயின. அதெல்லாம் நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கவாட்டில் கூட்டத்தைக் குறைக்கிறோம் என்று மொழிப்பட்டியலைச் சுருட்டி, ஒரு சின்ன அம்புக்குறிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன காரணம் புள்ளிவிவரம்: வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட அதைச் சொடுக்குவதில்லை.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். நானும் இணையப்பக்கம் வடிவமைக்கிற தொழிலில்தான் இருக்கிறேன். சொடுக்குக் கணக்கைக் காட்டிப் பொத்தான்களைத் தூக்கிய பாவம் எனக்கும் உண்டு (இந்த இடத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பான் போட்டுக்கொள்ளவும்). அந்தக் கணக்கில் இருக்கிற ஓட்டை, நம்ம வீட்டு மொழி ஒளிந்தபோதுதான் தெரிந்தது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் அதைத் தொடவே மாட்டார். அவரையும் என்னையும் கூட்டி வகுத்தால் நான் காணாமல் போவேன். தவிர, சொடுக்காதவருக்கும் அது ஒரு பெயர்ப்பலகை. தமிழில் இப்படி ஒரு கட்டுரை இருக்கிறது என்று தெரிந்தால்தானே ஒருநாள் போய்ப் பார்ப்பார்?

இதே வாதத்தை வைத்து மடலாற்குழுவில் பெரிய ரகளை. தன்னார்வலர் ஒருவர் நிரலைத் திருத்திப் பட்டியலை விரித்தார், பணியாளர்கள் பழையபடி சுருட்டினார்கள். ஜூன் மாதத்தில் நிர்வாகமே இறங்கி வந்து பட்டியலை விரித்து வைத்தது. மூடிய கம்பெனியாக இருந்திருந்தால் இந்தச் சண்டை நமக்குத் தெரிந்தே இருக்காது.

பட்டியல் வந்தும் எனக்கு முழு விடுதலை இல்லை. ஆபீஸ் கணினியில் எழுத்துரு கிடையாது, தமிழும் மலையாளமும் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. 2011-ல் அதற்கும் வழி பிறந்தது. பக்கத்தோடு சேர்ந்தே எழுத்துரு இறங்கும் நீட்சியைச் செய்தவர் சந்தோஷ் தோட்டிங்ஙல். தட்டச்சு செய்ய நாராயம் என்ற நீட்சியைச் செய்தவர் ஜுனைத். இருவருமே மலையாளிகள். இரண்டும் தமிழுக்கும் வேலை செய்தன. எல்லைச் சண்டை பேசுகிற என் மாமா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அப்படியா மக்களே?" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருந்த உழைப்பும் லேசில்லை. அன்றைக்கு ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும், மற்ற மொழித் தலைப்புகளை ஆட்கள் கையால் எழுதி வைப்பார்கள், தானியங்கிகள் மற்ற மொழிகளுக்குக் கொண்டுபோகும். 2013-ல்தான் விக்கித்தரவு வந்து இணைப்புகளை ஒரே இடத்தில் சேர்த்தது.

2016-ல் பட்டியல் மறுபடி சுருங்கியது. இந்த முறை கொஞ்சம் மூளையோடு: உலாவியின் மொழி, இருக்கும் நாடு, முன்பு நாம் போன மொழிகள் இவற்றைப் பார்த்துச் சிலவற்றை முன்னால் நிறுத்தும். 2023 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா ஏற்ற வெக்டர் 2022-ல் மொழிகள் தலைப்புக்குப் பக்கத்திலேயே ஒரு பொத்தானாக ஏறிவிட்டன. மறுபடி மறைத்துவிட்டார்கள் என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். எனக்குப் பாதி சம்மதம். மேலே வைத்தது மரியாதைதான், ஆனால் பெயர்கள் வெளியே தெரியவில்லையே.

போன வாரம் மகள் பள்ளிக்கூடத்துக்காகத் திருவிதாங்கூர் பற்றி ஏதோ தேடிக்கொண்டிருந்தாள். அவள் கணினியில் அந்தப் பொத்தானை அழுத்தினால் முன்னால் நின்றது ஜெர்மன். இங்கேயே பிறந்தவள், அதுவும் நியாயம்தான். நான் கீழே உருட்டி மலையாளத்தை ஒருமுறை திறந்தேன், தமிழை ஒருமுறை திறந்தேன். "எதுக்குப்பா, படிக்கவா போறேன்?" என்றாள். அடுத்த கட்டுரையைத் திறந்து பொத்தானை அழுத்தச் சொன்னேன். ஜெர்மனோடு அவை இரண்டும் மேலே வந்திருந்தன.