தோட்டத்துத் திடலும் ஊராட்சித் தேர்தலும்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் கப்பலையும் கங்காணியையும் பால்மரத்தையும் தொழிற்சங்கத்தையும் எழுதுகின்றனர். பந்தாடும் திடலையும் படிப்பகத்தையும் எழுதுவார் அரியர். ஆயினும், வேலை முடிந்த பின்னர் ஒரு தோட்டத்து இளைஞனின் மாலைப்பொழுது எங்கே கழிந்தது என்று வினவினால், திடல், கோயில் முன்றில், மன்றத்துக் கொட்டகை ஆகிய மூன்று இடங்களையே விடையாகக் கூற வேண்டியிருக்கும். நான்காவதாகக் கள்ளுக்கடை ஒன்றும் உண்டு. அதனை மாணவர் கையில் தவழும் நூலில் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அம்மூன்று இடங்களும் எவ்வாறு மறைந்தன என்பதை ஊராட்சி அரசியலோடு சேர்த்துக் காண்பது ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்தரும் என எண்ணுகிறேன்.

தோட்டம் என்பது தனியார் நிலம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் முதலாளிக்குக் கடமை விதித்தது. திடலோ பெரும்பாலும் துரையின் மனத்தைப் பொறுத்தே அமைந்தது. பந்தாட்டத்தில் விருப்பமுள்ள துரை வந்தால் புல் வெட்டப்படும், கம்பம் நடப்படும், பக்கத்துத் தோட்டத்தோடு போட்டி நடக்கும். அவர் மாறிச் சென்றால் புல் முழங்கால் அளவு வளரும். 1950களில் தமிழ் முரசு நாளிதழ் வெளியிட்ட மாணவர் மணிமன்ற மலர் தூண்டிய எழுச்சியால் ஊர்தோறும் மணிமன்றங்கள் தோன்றின. பேச்சுப் போட்டியும் நாடகமும் படிப்பகமும் தோட்டத்து இளைஞர்க்கு அறிமுகமாயின. ஆனால் அம்மன்றங்கள் கூடிய கொட்டகையும் நின்றது முதலாளியின் மண்ணில்தான்.

அதே காலத்தில் தோட்டத்து வேலிக்கு வெளியே வேறொரு வரலாறு நடந்துகொண்டிருந்தது. 1951 டிசம்பர் 1ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் நகராண்மைக் கழகத் தேர்தல் நடைபெற்றது. 1952ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டத்தின் வழி, அவசரகாலத்தில் உருவாக்கப்பட்ட புதுக்கிராமங்கள் பலவும் தம் மன்றங்களைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றன. 1957இல் ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன். ஈப்போ நகர மன்றம் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சியிடம் இருந்தது. அந்நகரில் சிறுவர்கள் விளையாடும் பூங்கா ஒன்று டி. ஆர். சீனிவாசகம் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆக, நகரத்துத் தமிழன் வாக்களித்தான். மன்றத் தலைமையிலும் அமர்ந்தான். புதுக்கிராமத்துச் சீனரும் வாக்களித்தனர். அவசரகாலத்தில் அதேபோன்று முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்ட தோட்டத் தொழிலாளியோ தனியார் நிலத்திலேயே இருந்தான். அவனுடைய சாலைக்கும் விளக்குக்கும் திடலுக்கும் பொறுப்பு முதலாளியிடமே விடப்பட்டது.

இந்நிலையில் தோட்டத் துண்டாடல் வந்தது. 1950களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் சிறு துண்டுகளாக்கி மறுபடியும் விற்றனர். பேராசிரியர் உங்கு அஜீஸ் இதனை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்கினார். வாங்கி மீட்டவை சில. கைவிட்டுப் போனவை பல. துண்டு போட்டு விற்கும் நிலத்தில் திடல் மரமில்லாத வெற்று மனையாகவே மதிக்கப்படும். அதற்கு முதலில் ஆள் கிடைப்பதில் வியப்பில்லை.

ஊராட்சித் தேர்தல் நிலைத்திருந்தால் அத்திடல்கள் காப்பாற்றப்பட்டிருக்கும் என்று சிலர் வாதிடுவர். அவ்வாதம் எனக்கு உடன்பாடன்று. தோட்டம் ஊராட்சியின் கைக்கு எட்டாத இடமாக இருந்தது என்பதை மேலே கண்டோம். இழப்பு வேறோர் இடத்தில் நேர்ந்தது.

1965 மார்ச் 1ஆம் நாள், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி அரசு ஊராட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தது. மன்றங்களின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆதி நாகப்பன் என்னும் தமிழர். 1968இல் முடிந்த அவ்வறிக்கை, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதனை ஏற்கவில்லை. 300க்கும் மேற்பட்ட சிறு மன்றங்களை ஒன்றிணைக்க 1973இல் இடைக்காலச் சட்டம் வந்தது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. மன்றத் தலைவரோடு 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. நடைமுறையில், ஆளுங்கட்சிகள் அவ்விடங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

இவ்வாண்டுகளை மாணவர்கள் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க வேண்டும். நகரை ஒட்டிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் நெடுஞ்சாலைக்கும் பெருமளவில் கைமாறியது 1970களின் இறுதிக்குப் பின்னரே. முதலாளியின் நிலத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கும் புறம்போக்கு நிலத்துக்கும் நம் குடும்பங்கள் குடியேறியபோது, முதன்முறையாக ஊராட்சியின் பார்வைக்குள் வந்தன. அப்போது அவ்வூராட்சியில் தேர்தல் இல்லை. துரையிடம் மனுக் கொடுத்த தந்தையின் மகன், நியமன உறுப்பினரிடம் மனுக் கொடுத்தான்.

கோலாலம்பூரில் புக்கிட் கியாரா இதற்கோர் எடுத்துக்காட்டு. தோட்டத்தை அரசு எடுத்துக்கொண்ட பின்னர், தொழிலாளர் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் தற்காலிக நீள்வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. தற்காலிகம் என்பது பல பத்தாண்டுகள் நீண்டது. பக்கத்தில் தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்கா உருவாயிற்று. 2017இல் அப்பூங்கா நிலத்தில் வானுயர் அடுக்குமாடிகளைக் கட்ட மாநகர் மன்றம் அனுமதி அளித்தது. நீள்வீட்டு மக்களுக்கான வீடுகளும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. சுற்றுவட்டாரத்தார் வழக்குத் தொடுத்தனர். 2023 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் அவ்வனுமதி செல்லாது என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. பூங்கா பிழைத்தது. தோட்டத்து மக்களின் வீடோ அத்தீர்ப்போடு முடிந்துவிடாத கேள்வியாக நின்றது. திடலையும் வீட்டையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்தியது எவ்வகைத் திட்டம் என்பதை மாணவர் ஆராயட்டும்.

ஊராட்சித் தேர்தலை மீண்டும் நடத்தப் பினாங்கு மாநிலம் 2012இல் சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2019இல் வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைக்கும் திருத்தம் நிறைவேறி, 2021 டிசம்பரில் நடப்புக்கு வந்தது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அவ்வயதினர் வாக்களிக்கலாம்; தம் குடியிருப்புத் திடலைப் பராமரிக்கும் மன்றத்துக்கு அவர்களும் வாக்களிக்க இயலாது, அவர்தம் பெற்றோரும் இயலாது.

1957இல் 800க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் உள்ளன. தனியார் நிலத்தில் அமைந்தவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடிக்கின்றன. தோட்டம் மறைந்து பள்ளி மட்டும் எஞ்சிய இடங்களில், பள்ளித் திடலே அவ்வட்டார இளைஞரின் கடைசித் திடல். பழைய பள்ளிகளின் குறிப்பேடுகளில் விளையாட்டுப் போட்டிகள் நடந்த நாளும் இடமும் தலைமையாசிரியர்களால் பதியப்பட்டிருக்கும். பயிற்சி ஆசிரியர்கள் அவற்றைப் படியெடுத்து, அத்திடல்கள் இன்று யார் பெயரில் உள்ளன என்பதை நில அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.